சார்ஜென்டின் சிறுமியரைப் பார்த்துக் கீறியபோது

எங்கள் கல்லூரியின் சித்திர வகுப்பில், உருவரையைப் பென்சிலால் திருத்தமாகக் கீறிய பிறகே வர்ணத்தைத் தொடலாம் என்பது மாறாத விதி. செவ்வரத்தம்பூவும் மண்குடமும் அந்த விதிக்கு நன்றாகவே அடங்கின. இலண்டனில் மாலைநேர ஓவிய வகுப்பில் சேர்ந்தபோது, பிரதி செய்யுமாறு ஆசிரியை தந்த அமெரிக்க ஓவியர் ஜோன் சிங்கர் சார்ஜென்டின் 'கார்னேஷன், லில்லி, லில்லி, ரோஸ்' என்ற ஓவியம் அதற்கு அடங்க மறுத்தது.

தோட்டத்தில் இரண்டு சிறுமியர் காகித விளக்குகளை ஏற்றும் காட்சி அது. வூஸ்டர்ஷயரின் ப்ரோட்வே கிராமத்தில் 1885 இலையுதிர் காலத்தில் தொடங்கி, மறு ஆண்டில்தான் சார்ஜென்ட் அதை முடித்தார். அந்தி ஒளி ஏற்றபடி நிற்கும் சில நிமிடங்களில் மட்டுமே தீட்டினார். பூக்கள் வாடியபின் செயற்கைப் பூக்களைச் செடிகளில் கட்டி வைத்தார் என்றால் அந்தப் பிடிவாதத்தை என்னவென்பது! மாதிரியாக நின்ற டோலிக்குப் பதினொரு வயது, பொலிக்கு ஏழு.

அச்சுப்படத்தின் நிறத்தை நம்ப முடியாததால், இலண்டனின் டேட் பிரிட்டன் ஓவியக்கூடத்துக்குச் சென்று மூலத்தின் முன் நின்று குறிப்பெடுத்தேன். வெள்ளைச் சட்டை என்று நாம் சொல்வதில் வெள்ளை அரிதாகவே இருந்தது: நிழலில் ஊதா கலந்த சாம்பல், புல்லருகே இளம்பச்சை, விளக்கருகே செம்மஞ்சள். அந்தச் சாம்பலை அல்ட்ராமரீன் நீலத்தோடு எரிந்த சியன்னா என்ற செம்பழுப்பு வர்ணமும் வெள்ளையும் சேர்த்துக் குழைக்கலாம் என்று ஆசிரியை காட்டினார். கோடு போடவே இயலாத தடித்த தூரிகையையும் கையில் தந்தார். சட்டையின் ஓரம் முடியும் இடத்தைக் கோட்டால் அல்ல, அதனருகே புல்லின் பச்சையை வைத்துத்தான் காட்ட வேண்டியிருந்தது. முகங்கள் எளிதாகவே வந்தன. கார்த்திகை விளக்கீட்டன்று சுட்டி விளக்கு ஏற்றக் குனியும் பிள்ளைகளின் முகத்தைப் போல அவற்றிலும் வெளிச்சம் கீழிருந்து ஏறுகிறது.

பார்த்துக் கீறுவதை இளக்காரமாகப் பேசுவோர் நம்மிடையே உண்டு. பிரெஞ்சு ஓவியர் டெகாவே பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் பிரதி செய்வதற்கு 1853இல் பெயர் பதிந்தவர்தான்.

பிள்ளைகள் எவரேனும் இந்தப் படத்தை முயன்றால், முகத்தில் தொடங்க விடாதீர்கள். முதலில் ஓவியத் திரை முழுவதும் மங்கிய பச்சையைப் பூசி, விளக்குகளின் இடங்களைக் குறிக்கட்டும். சிறுமியர் அதன்பின் வரலாம்.