தாடை மூட்டு வலியும் பத்து வாரப் பயிற்சியும்

ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் பணி முடிவதற்குள் என் வாயில் இரண்டு விரல்கள்கூட அடுக்காக நுழையாமல் போயிற்று. பொங்கலன்று கரும்பைக் கடித்தபோது இடது காதுக்கு முன்னால் 'டக்' என்று கேட்ட சத்தத்தை நான் பொருட்படுத்தவில்லை. பிறகு வலி தொடங்கியபோதும் காதுவலி என்றே நம்பி, காட்பாடியில் எங்கள் தெருவுக்கு அருகில் இருந்த ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தில் மூன்று வாரங்களைக் கழித்தேன். காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடச் சொன்ன ஒரு பல் மருத்துவர்தான், இது தாடை மூட்டுச் சிக்கல் என்று கண்டு பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

அங்கே அளந்தபோது மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் இடையே 24 மி.மீ. மட்டுமே இருந்தது. பெரியவர்களுக்குப் பொதுவாக 40 மி.மீ. அளவுக்காவது வாய் திறக்க வேண்டுமாம். கீழ்த்தாடை முதலில் கீல் போலச் சுழன்று, பிறகு முன்னோக்கி நழுவுகிறது. இடையிலுள்ள குருத்தெலும்புத் தட்டு அதனோடு சேர்ந்து நகராதபோதுதான் சத்தமும் பிடிப்பும் வருகின்றன என்று பிசியோதெரபிஸ்ட் விளக்கினார்.

சிலி நாட்டைச் சேர்ந்த மரியானோ ரொகபாடோ என்ற பிசியோதெரபி நிபுணர் வகுத்த முறையில், ஆறு பயிற்சிகளை ஆறு ஆறு தடவையாக நாளுக்கு ஆறு வேளை செய்யச் சொன்னார். நாக்கின் நுனியை மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் அண்ணத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு, அது விலகாத அளவுக்கு மட்டும் வாயைத் திறப்பது அவற்றுள் ஒன்று. அப்படித் திறந்தால் தாடை சுழலுமே தவிர முன்னால் ஓடாது. எனக்கு வியப்பாக இருந்தது, ஆறில் பாதி கழுத்துக்கும் தோளுக்குமானவை என்பதுதான். ஆனால் விடைத்தாள் கட்டின்மேல் நான் குனிந்து உட்காரும் கோலத்தை நினைத்துப் பார்த்தபோது அது நியாயமாகவே பட்டது.

பயிற்சியைவிடக் கடினமாக இருந்தது பழக்கத்தை விடுவது. "டீச்சர், இப்பவும் பல்லைக் கடிச்சுக்கிட்டுதான் இருக்கீங்க" என்று அவர் சொன்ன பிறகே நான் அதை உணர்ந்தேன். உதடுகள் சேரலாம், பற்கள் சேரக் கூடாது. இதை நினைவூட்டச் சிவப்புப் பேனாவிலும் கைப்பேசியிலும் பீரோக் கண்ணாடியிலும் ஸ்டிக்கர் பொட்டுகளை ஒட்டினேன். கத்திரி வெயிலில் வேலூரில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்வது தனிக் கொடுமை. ஆயினும் ஒத்தடத்துக்குப் பின் செய்தபோதுதான் தசை இளகிக் கொடுத்தது.

இரண்டாம் வாரத்தில் பேராசைப்பட்டுக் கட்டைவிரலால் தாடையை விரித்து இழுத்தேன். நான்கு நாள்கள் கஞ்சிதான் உணவாயிற்று. அதன் பிறகு வலி தொடங்கும் இடத்திலேயே நிறுத்திக்கொண்டேன்.

பத்தாவது வாரம் 39 மி.மீ. வந்தது. கொட்டாவி விட்டால் 'டக்' இன்னும் கேட்கிறது. வலியில்லாத சத்தத்துக்குச் சிகிச்சை தேவையில்லை என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிவிட்டார். பேனாவில் ஒட்டிய பொட்டை மட்டும் இன்னும் எடுக்கவில்லை.