மியூவான் கோடு நீலத்தில் நின்றது: கிளவுட் சேம்பர் + சயனோடைப், நாலாவது சுற்று

கிளவுட் சேம்பரில் (துகள் போன வழியை ஆல்கஹால் மூடுபனியில் கோடாகக் காட்டும் பெட்டி) தெரியும் தடங்களை சயனோடைப்பில் (வெயில் பட்ட இடம் நீலமாகும் பழைய அச்சு முறை) பதிக்கும் வேலை இது. மூன்று சுற்று பிரிண்ட் வீணான பிறகு மியூவான் (காஸ்மிக் கதிர்களிலிருந்து வரும் துகள்) தடம் தாளில் வந்துவிட்டது. ஆல்ஃபா துகளின் தடம் எப்போதுமே பிரச்சினை இல்லை. குட்டை, தடிமன், எந்த நெகட்டிவிலும் பிழைத்துக்கொள்ளும். முடி கனத்தில் வரும் மியூவானும் நெளிந்து போகும் எலக்ட்ரானும்தான் பிரிண்டில் நீலத்தோடு நீலமாகக் கரைந்துவிடும். இத்தனைக்கும் படத்துக்கு உயிரே அந்த மெல்லிய கோடுகள்தான்.

சேம்பர் பழையதுதான்: கவிழ்த்த 30×20×20 செ.மீ. கண்ணாடி மீன்தொட்டி, உள்ளே மேலே ஃபெல்ட், 99 சதவீத ஐசோபுரோப்பைல், கீழே 3 மி.மீ. அலுமினியத் தகடு, அடியில் டிரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு). (அக்ரிலிக் பெட்டி வேண்டாம், ஆல்கஹால் பட்டுப் பட்டு வெடிப்பு விடும்.) தகட்டுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்தால் தேங்கும் ஆல்கஹாலில் உரிந்து வருகிறது, கறுப்பு அனோடைஸ் செய்த தகடுதான் சரி. டிரை ஐஸைக் கட்டியாக வைத்தால் தகட்டை அங்கங்கேதான் தொடும், மூடுபனியும் திட்டுத்திட்டாக வரும். நொறுக்கிப் பரப்பி, தகட்டை ரசமட்டம் வைத்துச் சமப்படுத்திய பிறகு, 15 நிமிடத்தில் தடம் தெரிய ஆரம்பித்தது. அறையில் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு தரையில் தேங்கும்.

ஆல்ஃபாவுக்கு டிக் வெல்டிங் கடையில் கிடைக்கும் சிவப்பு முனை டங்ஸ்டன் ராடு போதும். அதில் 2 சதவீதம் கதிரியக்கமுள்ள தோரியம் ஆக்சைடு இருக்கிறது. அறுக்கவோ தேய்க்கவோ கூடாது, அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாத பொருள்.

இனி நெகட்டிவ். 4கே வீடியோவில் நல்ல ஃபிரேம்களை மட்டும் பொறுக்கி, லைட்டன் மோடில் (ஒவ்வொரு புள்ளியிலும் அதிக வெளிச்சமானது மட்டும் நிற்கும்) அடுக்கி, இன்வர்ட் செய்து ஃபிலிமில் பிரிண்ட் எடுப்பதுதான் வழி. 3840 பிக்சலை A4 நீளத்தில் விரித்தால் 2 பிக்சல் அகலக் கோடு தாளில் சுமார் 0.15 மி.மீ. ஃபிலிமின் கனமோ 0.1 மி.மீ. மூன்று சுற்றும் இங்கேதான் கோட்டைவிட்டது. மை பூசிய பக்கம் மேலே இருந்தால் மைக்கும் தாளுக்கும் நடுவே ஃபிலிமின் கனம் முழுக்க இடைவெளி. சூரியனின் நேர்வெளிச்சம் ஒரே திசையில் வந்தாலும் வானத்தின் புற ஊதா எல்லாப் பக்கமிருந்தும் சாய்வாக நுழைந்து, கோட்டின் அடியை இரு புறமும் அரித்துவிடுகிறது. ஆல்ஃபா 1 மி.மீ. அகலம் என்பதால் தாங்கும், மியூவான் தாங்காது. தீர்வு: படத்தை இடவலம் திருப்பி பிரிண்ட் எடுத்து, மை தாளைத் தொடும்படி வைத்து, மேலே 5 மி.மீ. கண்ணாடி, ஓரமெல்லாம் கிளிப். மேகம் போட்ட நாளில் எக்ஸ்போஸ் செய்யவே வேண்டாம்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. தாளில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் மை இளகி ஒட்டிக்கொள்ளும். கரைசலைத் தாளில் பூசி இருட்டில் ஒரு ராத்திரி காயவிட்டு, காலையில் ஹேர் டிரையரும் காட்டுவது உத்தமம்.

கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் மை புற ஊதாவையும் மறைக்கும் என்று நம்ப வேண்டாம். 16 நிறக் கட்டங்களை ஃபிலிமில் அடித்து எக்ஸ்போஸ் செய்து பார்த்ததில், இந்த இங்க்ஜெட்டில் வெறும் கறுப்பைவிடப் பச்சை கலந்த கறுப்பு நன்றாகத் தடுக்கிறது. லேசர் பிரிண்ட் ஃபிலிமில் டோனர் ஊசித்துளை விடுகிறது, பிரயோஜனமில்லை.

கரைசல் வழக்கமானது: பச்சை ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராம் 100 மி.லி.யில், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம் 100 மி.லி.யில், சமபங்கு. மழைக்காலத்தில் சிட்ரேட் டப்பாவைத் திறந்து வைத்தால் பாகு மாதிரி ஆகிவிடும். சின்ன டப்பாக்களாக வாங்குவது லாபம். உச்சி வெயிலில் 9 நிமிடம். கழுவும் முதல் தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு ஸ்பூன் வினிகர். காரத்தன்மையுள்ள போர் தண்ணீர் நீலத்தைத் தின்றுவிடும். கால்சியம் கார்பனேட் சேர்த்த தாளும் அப்படித்தான்.

காந்தம் வைத்துத் தடத்தைச் சுருளாக வளைத்து எடுக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: ஐரோப்பிய துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னில் 1984 வரை இயங்கிய பெரிய பபிள் சேம்பர் (துகளின் தடத்தைத் திரவத்தில் குமிழிகளாகக் காட்டும் கருவி) பெப்க் (BEBC), 3.7 மீட்டர் விட்டம், 3.5 டெஸ்லா காந்தம் கொண்டது. இங்கே நியோடிமியம் காந்தங்களால் தொட்டிக்குள் 0.1 டெஸ்லா கிடைத்தாலும் 4 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள மியூவான் சுமார் 130 மீட்டர் ஆரத்தில்தான் வளையும்; தொட்டிக்குள் அது நேர்கோடுதான். சுருளைக் கையால் வரைந்து சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மெதுவான எலக்ட்ரான்கள் வளையும், அவற்றுக்காக மட்டும் ஒரு காந்தம் வைத்துப் பார்க்கலாம்.

டிரை ஐஸ் மீன், ஐஸ்கிரீம் அனுப்புகிறவர்களுக்கு விற்கும் இடத்தில் கிலோ கணக்கில் கிடைக்கிறது. ஆனால் 3 கிலோ வாங்கினால் வீடு வருவதற்குள்ளேயே ஆவியாகிக் குறைய ஆரம்பித்துவிடும், தெர்மாகோல் பெட்டி கட்டாயம். அடுத்து டிரை ஐஸுக்குப் பதில் இரண்டடுக்கு பெல்டியர் (மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் தகடு) முயற்சி. அதற்கு முன் நாலு A4 தாள் சேர்த்த ஒரு பெரிய பேனல் பாக்கி. இரண்டு தாள் காய்ந்துகொண்டிருக்கிறது, மூன்றாவதில் கண்ணாடி ஓரம் சரியாக அழுந்தாமல் வலது மூலை மட்டும் மங்கிவிட்டது.