மாமாவுக்கு விழுந்த அரைப்பேர்

என் மாமனார் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்தொரு வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். ஓய்வு பெற்றுப் பத்து வருடமாகிவிட்டது. ஆனாலும் சட்டைப்பையில் சின்னக் கொப்பியும் கட்டைப் பென்சிலும் இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டார். ஹட்டன் டவுனுக்கு மீன் வாங்கப் போனாலும் பஸ் புறப்பட்ட நேரம், வந்து சேர்ந்த நேரம், மழை உண்டா இல்லையா என்று மூன்று வரி எழுதுவார். எதற்கு மாமா இதெல்லாம் என்றால், "எழுத்தில் இருந்தால்தானே மாப்பிள்ளை நாளைக்கு வாய் திறக்கலாம்" என்பார்.

போன ஆகஸ்டில் அவர் லண்டனிலிருந்து திரும்பினார். அங்கே இருக்கும் இளைய மகளுக்குப் பிள்ளை பிறந்து, மாமி முன்னரே போயிருந்தார். இவர் பின்னால் போய் இரண்டு மாதம் பேரனைத் தூக்கி வைத்திருந்துவிட்டுத் தனியாக வந்தார். ஒருவரை அழைத்துவர வான் பிடித்தால் பதினான்கு இருக்கையும் நிரம்ப வேண்டும் என்பது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். கடைசி இருக்கைக்கு, எங்களுக்குப் பால் ஊற்றும் பெரியம்மா ஏறிக்கொண்டார். மாமாவின் கீழ் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். "கணக்கப்பிள்ளை ஐயா எப்படி இறங்கி வருகிறார் என்று பார்க்க வேண்டும்" என்றார். அன்பா, வேறு ஏதாவதா என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

நள்ளிரவு ஒன்றரைக்குப் புறப்பட்டு, கினிகத்தேனை இறக்கத்தில் இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்து, கித்துல்கலவில் மூன்றாவது பிள்ளையும் சேர்ந்துகொண்டு, ஒருவழியாகக் கட்டுநாயக்க வந்து பார்த்தால் காலை 8.25க்கு வர வேண்டிய விமானத்தில் மாமா இல்லை. லண்டனில் விமானம் கிளம்பத் தாமதமாகி, வளைகுடாவில் மாற வேண்டிய விமானத்தை விட்டுவிட்டாராம், அடுத்ததில் வருகிறாராம். தேங்காய் ரொட்டியும் சம்பலும் பத்து மணிக்கே தீர்ந்துவிட்டன.

ஒரு மணிக்குப் பிறகு மாமா வெளியே வந்தார். பேரன் எப்படி, மாமி எப்படி என்று பதினான்கு வாய்கள் கேட்க, அவர் கொப்பியை விரித்துக்கொண்டே, "நாலு மணித்தியாலம் பிந்திவிட்டான்" என்றார். பெரியம்மா பட்டென்று கேட்டார்: "அப்படியானால் இன்றைக்குப் பிளேனுக்கு அரைப்பேரா ஐயா, முழுப்பேரா?"

மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் ஒருநாள் வேலை ஒரு 'பேர்'. பிரட்டுக்கு, அதாவது காலையில் ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, பிந்தி வந்தால், அல்லது கொழுந்து நிறை குறைந்தால் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் அரைப்பேர் விழும், சம்பளமும் பாதி. அந்தப் பேனா முப்பத்தொரு வருடம் மாமாவின் கையில் இருந்தது. வானில் பின் இருக்கையில் யாரோ இருமினார்கள். மாமா சிரிக்கவில்லை.

வான்காரர் வெயிட்டிங் காசு என்று ஐயாயிரம் ரூபாயை அந்த இடத்திலேயே கேட்டு வாங்கிக்கொண்டார். விண்ணப்பம் இல்லை, ஆதாரம் இல்லை, "உங்கள் முறைப்பாடு எங்களுக்கு முக்கியமானது" என்ற கடிதமும் இல்லை. நட்டஈடு வாங்கும் கலையில் எங்கள் வான்காரர்களுக்கு ஈடு உலகத்தில் கிடையாது.

அன்றிரவே லண்டன் மகள் வாட்ஸ்அப்பில் வந்தாள். பிரித்தானியாவிலிருந்து புறப்படும் எந்த விமானமானாலும், எந்த நாட்டுக் கம்பனியானாலும், போய்ச் சேரும் இடத்துக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிந்தினால் காசு தர வேண்டும். ஐரோப்பாவில் 2005இல் நடைமுறைக்கு வந்த 261ஆம் இலக்கச் சட்டம். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபோதும் இதை மட்டும் மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டது. இடையில் விமானம் மாறினாலும் ஒரே டிக்கெட் என்றால் கடைசி இடம்தான் கணக்கு. 3,500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணத்துக்கு 520 பவுண். டிக்கெட் விலை என்னவென்று யாரும் கேட்பதில்லை.

"கொழும்பிலிருந்து போகும்போது இதே கம்பனி இதே மாதிரிப் பிந்தியிருந்தால்?" என்று கேட்டேன். அதற்கு இந்தச் சட்டம் இல்லையாம். 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையைத்தான் பிடிக்க வேண்டும்; அதில் பிந்தியதற்காகச் சும்மா காசு கிடையாது, பிந்தியதால் வந்த நட்டத்தைப் பற்றுச்சீட்டோடு காட்ட வேண்டும். மாமா உடனே, "வான்காரன் பற்றுச்சீட்டுத் தரவில்லையே" என்று கவலைப்பட்டார்.

520 பவுண் என்றால் இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல். மறுநாள் பால் கொண்டுவந்த பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்து மனக்கணக்குப் போட்டார். அப்போது நாள் சம்பளம் 1,350 ரூபாய். "நூற்றைம்பது பேர் ஐயா. நாலு மணித்தியாலம் குந்தியிருந்ததற்கு!"

வேலை என் தலையில் விழுந்தது. நான் ஹட்டனில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். அடையாள அட்டையிலிருந்து ஓய்வூதியம் வரை ஊராருக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பவன். இதையெல்லாம் நமக்காகச் செய்துதரும் கம்பனிகளும் இணையத்தில் இருக்கின்றன. வரும் காசில் கால்பங்கோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும். மாமாவிடம் சொன்னேன். "தலைக்காசா? ஆளுக்கு இவ்வளவு என்று காசு பிடித்த என் தாத்தா காலத்துக் கங்காணி லண்டனில்தான் இருக்கிறானா?" என்று கொப்பியை மூடிவிட்டார். ஆகவே நானே எழுதினேன். டிக்கெட், போர்டிங் பாஸ், மாமா சொல்லச் சொல்ல ஒரு கடிதம். "மதிப்புக்குரிய துரை அவர்களுக்கு" என்று தொடங்கச் சொன்னார். அதை மட்டும் நைசாக விட்டுவிட்டேன்.

பத்து நாளில் முதல் பதில். லண்டனில் மோசமான காலநிலை, அசாதாரண சூழ்நிலை, ஆகவே நட்டஈடு இல்லை, எங்கள் சேவையை மீண்டும் நாடுவீர்கள் என நம்புகிறோம். நான் தளர்ந்துவிட்டேன். மூடுபனியிலும் மண்சரிவிலும் வாழ்கிறவர்களுக்குக் காலநிலை என்று சொன்னால் மறுபேச்சு வராது. பாதைக்குக் கல் விழுந்தால் யாரிடம் போய்க் காசு கேட்பது? ஆனால் மாமா கொப்பியைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். லண்டன் விமான நிலையம், அந்தத் திகதி, அதன் கீழே: "மழை இல்லை. நல்ல வெயில். இஞ்சின் கோளாறு என்று மைக்கில் சொன்னான், 2.10."

அந்தப் பக்கத்தை ஸ்கேன் செய்து அனுப்பினோம். விமானத்தில் வரும் சாதாரண இயந்திரக் கோளாறு அசாதாரண சூழ்நிலையில் சேராது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008இலேயே சொல்லியிருக்கிறது. மகள் தேடி அனுப்பியதை அப்படியே கீழே ஒட்டினேன். கட்டைப் பென்சிலால் தமிழில் எழுதிய கொப்பியை அந்த அலுவலகத்தில் யார் வாசித்தார்களோ தெரியாது. காலநிலை என்ற பேச்சு அதன் பிறகு வரவில்லை.

இரண்டாவது பதில் வந்த நேரம் பார்த்துப் பெரியம்மாவும் பால் போத்தலோடு வந்து சேர்ந்தார். நான் சத்தமாக வாசித்திருக்கக் கூடாது. நட்டஈடு தரச் சம்மதம். ஆனால் விமானம் 12.16க்குத் தரையிறங்கியது, தாமதம் 3 மணி 51 நிமிடம். இவ்வளவு நீண்ட பயணத்தில் தாமதம் நாலு மணித்தியாலத்துக்கு உட்பட்டால் சட்டப்படி பாதிதான். 260 பவுண்.

பெரியம்மா போத்தலைக் கீழே வைத்தார். "அரைப்பேர்!" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. படியிறங்கிப் பாதி வழியில் நின்று, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் ஜன்னலால் பார்த்தேன்.

மாமா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. "ஒன்பது நிமிடத்துக்கு அரைப்பேர் போடுகிறவனும் மனுசனா?" என்றார். என் மனைவி உள்ளே ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், சிரிப்பை அடக்க.

ஆனால் கணக்கப்பிள்ளை கணக்கப்பிள்ளைதான். சாயந்தரம் கொப்பியைக் கொண்டுவந்து வைத்தார். "இறங்கியது 12.16. சரி. நான் எழுதியதைப் பாருங்கள். கதவு திறந்தது 12.28. கதவு திறக்காமல் ஆள் எப்படி வந்து சேர்வது? கூடையோடு மலையில் நிற்கிற கொழுந்துக்கு யாராவது நிறை போடுவார்களா? தராசுக்கு வர வேண்டாமா?" நான் நம்பிக்கையில்லாமல் தேடினேன். 2014இல் அதே ஐரோப்பிய நீதிமன்றம், கிட்டத்தட்ட மாமா சொன்னதையே தீர்ப்பாகச் சொல்லியிருந்தது: சில்லு தரையைத் தொட்ட நேரம் கணக்கில்லை, பயணிகள் இறங்க ஒரு கதவாவது திறக்கும் நேரமே வந்து சேர்ந்த நேரம். 8.25க்கும் 12.28க்கும் இடையில் 4 மணி 3 நிமிடம்.

மூன்றாவது கடிதத்தில் ஒரே ஒரு கேள்வி: உங்கள் பதிவேட்டில் கதவு திறந்த நேரம் என்ன? மூன்று கிழமை பதிலே இல்லை. பிறகு ஒரு வரியில் வந்தது. மன்னிப்பு இல்லை, விளக்கம் இல்லை. 520 பவுண் மகளின் வங்கிக் கணக்குக்கு அனுப்பப்படும். அனுப்பியும்விட்டார்கள்.

மாமா அன்று புது வேட்டி கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார், பெரியம்மா வரட்டும் என்று. வந்ததும், "முழுப்பேர்!" என்றார். கதவு, சில்லு, நீதிமன்றம் எல்லாவற்றையும் கூடக்கொஞ்சம் நீட்டியே சொன்னார். பெரியம்மா பாலை அளந்து ஊற்றி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு மாமாவின் கையைக் காட்டி, "அந்த மணிக்கூடு பத்து நிமிடம் முந்தி ஓடுமே ஐயா? பிரட்டுக்களத்தில் எல்லோருக்கும் தெரியுமே" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பத்து நிமிடத்தைக் கழித்தால் முழுப்பேர் அரைப்பேராகிவிடும்.

"அதெல்லாம் இல்லை" என்றார் மாமா அவசரமாக. "இறங்குவதற்கு முன்னால் விமானி இலங்கை நேரம் சொன்னான். அதற்குச் சரியாகத் திருப்பி வைத்துவிட்டேன். இப்போது ஒரு நிமிடம்கூடப் பிசகாது."

பெரியம்மா தலையாட்டினார். போத்தலை மூடினார். "சரி ஐயா. அதற்கு முன்னால் முப்பத்தொரு வருடம்?"

மாமா மணிக்கூட்டைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, இன்றைக்குப் பேப்பர் இன்னும் வரவில்லையா என்று என்னைக் கேட்டார்.