வாடகை வீட்டுக்கு ஹீட்டர் தேடியபோது போட்ட கணக்கு

முன்பு குடியிருந்தவர்கள் காலி செய்யும்போது காரணத்தை மறைக்கவில்லை. "வாடகை பரவாயில்லைங்க, குளிர்காலத்துல கரண்ட் பில்தான் கட்டி மாளலை" என்றார்கள். அறைக்கு ஒன்றாகச் சுவரில் மாட்டிய பழைய மின்சார பேனல் ஹீட்டர்கள், நான் அந்த வீட்டை வாங்கும்போதே இருந்தவை. நன்றாகத்தான் வேலை செய்தன. ஆனால் ஹீட்டர் வாங்குவது வீட்டுக்காரர், பில் கட்டுவது குடியிருப்பவர் என்று இருக்கும்போது, மலிவான ஹீட்டர் யாருக்கு மலிவு என்ற கேள்வி வந்துவிடுகிறது. குளிர்காலம் பாதியில் வீடு காலியானால் அந்த நஷ்டம் கடைசியில் என் தலையில்தான்.

கடையில் கேட்டால் எண்ணெய் நிரப்பியது, ஃபேன் வைத்தது, செராமிக் என்று வகைவகையாகக் காட்டி, இது "கரண்ட் குறைவா இழுக்கும்" என்பார்கள். அதில் ஒன்றுமில்லை. மின்சாரத்தை நேரடியாக வெப்பமாக்கும் எந்த ஹீட்டரும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். 1500 வாட் ஹீட்டர் 10 மணி நேரம் முழுதாக ஓடினால் 15 யூனிட். அது எந்தப் பெட்டிக்குள் இருந்தாலும் 15தான். ஆகவே பழைய பேனலைக் கழற்றிப் புதிய பேனல் மாட்டும் யோசனையை அங்கேயே விட்டுவிட்டேன்.

வேறு எதையும் வாங்கும் முன் வீட்டின் ஓட்டைகளைப் பார்க்க முடிவு செய்தேன். காற்று பலமாக வீசிய நாளில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, சுவர் ஓரமாக மெதுவாக நடந்தேன். ஜன்னல் சட்டங்களில் புகை லேசாக ஆடும் என்பது எதிர்பார்த்ததுதான். சமையலறைத் தொட்டிக்குக் கீழே, குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் புகை படுக்கைவாட்டில் என் பக்கம் பாய்ந்தது. பரணுக்கு ஏறும் மூடியின் விளிம்பில் அதற்கு நேர் எதிர்: புகையை அப்படியே மேலே உறிஞ்சிக்கொண்டது. சூடான காற்று மேலே கசிய, அந்த இடத்தை நிரப்பக் குளிர்காற்று கீழே நுழைகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குழாய் துளைக்கு நுரை, மூடிக்கும் ஜன்னலுக்கும் ரப்பர் பட்டை, கதவுக்கு அடியில் பிரஷ் பட்டை, அப்புறம் பரண் தரையில் இன்சுலேஷன். இன்சுலேஷன் தவிர மற்றவற்றுக்குப் பெரிய செலவில்லை.

அடுத்தது எவ்வளவு பெரிய ஹீட்டர் வேண்டும் என்ற கேள்வி. கொட்டேஷன் கொடுக்க வந்தவர்களில் பலர் தரைப் பரப்பை மட்டும் கேட்டுவிட்டு ஒரு பெரிய எண்ணைச் சொன்னார்கள். நான் பழைய ஹீட்டர்களையே அளவுகோலாக்கிக்கொண்டேன். அவை வாங்கும் கரண்ட் எல்லாமே வெப்பமாகிறது என்றால், மின் மீட்டரே வீட்டின் வெப்ப இழப்பைச் சொல்லிவிடுமே! காலி வீட்டில், வெந்நீர் டேங்க்கை அணைத்து, எல்லா அறைகளையும் 20 டிகிரியில் வைத்து, நன்கு குளிர்ந்த ஓர் இரவில் மீட்டரைக் குறித்தேன். 10 மணி நேரத்தில் 42 யூனிட், அதாவது சராசரி 4.2 கிலோவாட். வெளியே மைனஸ் 8. வித்தியாசம் 28 டிகிரி. ஒரு டிகிரிக்கு 150 வாட் ஆகிறது. வெளியே மைனஸ் 18 வரை போனால் 38 டிகிரி வித்தியாசத்துக்கு 5.7 கிலோவாட் போதும். கொட்டேஷன்களில் இருந்தது இதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தேவைக்கு மிஞ்சிய இயந்திரம் சட்டென்று சூடாக்கி நின்று, திரும்ப ஓடி, திரும்ப நிற்கும். செலவும் கூடும், தேய்மானமும் கூடும்.

பிறகு எரிபொருள். எல்லாவற்றையும் "ஒரு யூனிட் வெப்பம் என்ன விலை" என்று மாற்றிப் பார்த்தால்தான் ஒப்பிட முடியும். சிலிண்டர் எரிவாயு ஒரு கிலோவில் சுமார் 13 யூனிட், மண்ணெண்ணெய் ஒரு லிட்டரில் சுமார் 10, காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4. விலையை அந்த எண்ணால் வகுத்து, அடுப்பின் திறனாலும் வகுக்க வேண்டும். அந்த வீட்டுக்குக் குழாய் எரிவாயு வரவில்லை, அதனால் அந்தப் பேச்சே இல்லை. புகைபோக்கி இல்லாத மண்ணெண்ணெய் ஹீட்டரை நான் பட்டியலிலேயே சேர்க்கவில்லை: கார்பன் மோனாக்சைடு ஆபத்து ஒருபக்கம், ஒரு லிட்டர் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள் வருவது இன்னொரு பக்கம். அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்க அது போதும். விறகடுப்பு எனக்குப் பிடிக்கும், ஆனால் நெருப்பையும் சாம்பலையும் புகைபோக்கி சுத்தத்தையும் குடியிருப்பவர் பொறுப்பில் விட மனம் வரவில்லை.

மிஞ்சியது ஹீட் பம்ப், அதாவது திருப்பி ஓடும் ஏசி. வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்து வருவதால், மிதமான குளிரில் ஒரு யூனிட் கரண்டுக்கு 3 யூனிட் வெப்பம் கிடைக்கும். கடுங்குளிரில் 2 அல்லது அதற்கும் கீழே இறங்கும். பெட்டியில் பெரிதாக அச்சிட்ட கிலோவாட் பொதுவாக வெளியே 7 டிகிரி இருக்கும்போது அளந்தது. எனக்கு வேண்டியது மைனஸ் 15இல் என்ன தரும் என்பது. அந்த அட்டவணையைக் காட்டாதவர்களிடம் மேற்கொண்டு பேசவில்லை.

கூடத்துக்கு ஒன்று போட்டேன். படுக்கையறைக் கதவைச் சாத்தினால் அந்தச் சூடு உள்ளே போகாது என்பதால் பழைய பேனல்களை அங்கேயும் குளியலறையிலும் விட்டுவைத்தேன். கடுங்குளிரில் கூடத்துக்கும் அவை துணை. வெளியூனிட்டைப் பனி மூடாத உயரத்தில் தாங்கிமேல் வைக்கச் சொன்னேன், வாசலை விட்டு விலகி. அதிலிருந்து வடியும் தண்ணீர் நடைபாதையில் உறைந்தால் யாராவது வழுக்கி விழுவார்கள்.

குடிவந்தவர்களிடமிருந்து வந்த முதல் போன்: "காத்து நின்னுடுச்சு, வெளியே புகையா வருது, ரிப்பேருங்களா?" புகையில்லை, நீராவி. வெளியூனிட்டில் படிந்த பனியை உருக்க அது சில நிமிடம் நின்று எதிர்ப்பக்கம் ஓடும். இதையும், அடிக்கடி அணைத்துப் போடாமல் ஒரே சூட்டில் விடுவது நல்லது என்பதையும், ஃபில்டர் கழுவும் விதத்தையும் ஒரு தாளில் எழுதி ரிமோட் பக்கத்தில் ஒட்டினேன். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தேன்: ஊருக்குப் போனாலும் 12 டிகிரிக்குக் கீழே வைக்கக் கூடாது. தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும். குழாய் வெடித்தால் ஹீட்டரில் மிச்சம் பிடித்ததெல்லாம் பிளம்பருக்குப் போய்விடும்.

முதல் குளிர்காலம் முடிந்து மீட்டரை ஒப்பிட்டதில் செலவு ஏறக்குறைய பாதியாகியிருக்கிறது. விற்றவர் சொன்ன மூன்றில் ஒரு பங்கு ஆகவில்லை. படுக்கையறைகள் இன்னும் பேனலில்தானே ஓடுகின்றன. அங்கேயும் ஒரு உள்யூனிட் போடலாமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரவு மட்டும் ஓடும் அறைக்கு அந்த முதலீடு திரும்ப வெகுகாலம் ஆகும். இப்போதைக்கு வேண்டாம்.