வருகைப் பதிவேட்டில் இல்லாத வாரம்

"அப்போ நான் கூடாரத்தை விட்டுவிட்டு ஓட்டலுக்கு வந்திருக்க வேண்டுமா, டாக்டர்?" என்று அவர் கேட்டார். குரலில் கோபம் இல்லை. என் பதில் என்னவென்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "நீங்கள் அங்கே இருந்தது சரிதான். ஆனால் சான்றிதழுக்கான விதி வேறு" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "சரி" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு பல பயிற்சி அணிகளுக்குச் சான்றிதழ் கொடுத்தாகிவிட்டது. அவருக்குக் கொடுக்காததுதான் இன்னும் மனதை அரிக்கிறது.

தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவியில் மாவட்ட நோய்க் கண்காணிப்பு அலுவலர்களுக்கான மூன்று மாதப் பயிற்சி அது. நடுநடுவே ஓட்டலில் மூன்று பயிலரங்குகள், மற்ற நாட்களில் அவரவர் மாவட்டத்தில் களப்பணி. எபோலா மேற்கு ஆப்பிரிக்காவை உலுக்கிய பிறகு இந்த மாதிரிக் குறும்பயிற்சிகள் கண்டம் முழுவதும் வேகமாகப் பரவின. இரண்டு வருட முதுகலைப் படிப்புக்கு எல்லோரையும் அனுப்பிவிட்டு ஒரு மாவட்டம் வேலை பார்க்க முடியாது, மூன்று மாதத்தில் அடிப்படையையாவது கைவரச் செய்துவிடலாம் என்பது யோசனை. மூன்று பயிலரங்குக்கும் முழுமையாக வந்தால்தான் சான்றிதழ். அவர் இரண்டாவதற்கு வரவில்லை. அந்த வாரம் அவருடைய மாவட்டத்தில் காலரா. நோயாளிகளுக்காகப் போட்ட சிகிச்சைக் கூடாரத்தில் நின்றார்.

அந்தக் காலரா எப்படிப்பட்டது என்று சொல்லியாக வேண்டும். 2022 ஜனவரியில் அனா புயல், மார்ச்சில் கோம்பே. அந்த மார்ச்சிலேயே தெற்கே மச்சிங்கா மாவட்டத்தில் நோய் தொடங்கியது. மலாவியில் காலரா பெரும்பாலும் மழைக்காலத்தோடு அடங்கிவிடும். அந்த ஆண்டு மழை நின்ற பிறகும் அடங்காமல் மலாவி ஏரிக்கரை வழியாக வடக்கே ஏறியது. கடைசியில் 58,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், 1,700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நாடு கண்டதிலேயே மோசமான காலரா அது. உடனே உப்புச் சர்க்கரைக் கரைசலும் தேவைப்பட்டால் சலைனும் கிடைத்தால், இந்த நோயில் நூற்றுக்கு ஒருவர்கூட இறக்கக் கூடாது. அங்கே நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பேர் இறந்தார்கள்.

அவர் சுகாதாரக் கண்காணிப்பு உதவியாளராக வேலைக்குச் சேர்ந்து மேலே வந்தவர். கிராமத்துக்குக் கிராமம் சைக்கிளில் போய்த் தடுப்பூசி போட்டு, கழிப்பறை எண்ணி, குழந்தைகளின் எடை பார்க்கும் வேலை. அந்தப் பணியிடத்தின் வரலாறே இதோடு சேர்ந்ததுதான். 1960-களில் பெரியம்மைத் தடுப்பூசி போடத் தற்காலிகமாக எடுத்த ஆட்கள், 1970-களில் காலரா உதவியாளர்கள் ஆனார்கள். பிறகு நிரந்தரமாகி இன்றைய பெயரைப் பெற்றார்கள். காலரா வந்தால் ஓடிப்போய் நிற்பது அவர்களுக்குப் பழகிய வேலை.

பயிலரங்கு நடந்த அந்த வாரத்தில் வாட்ஸ்அப்பில் அவர் எனக்கு நோயாளிகள் பட்டியலைப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார். அச்சடித்த படிவம் தீர்ந்துபோயிருந்ததால் பள்ளிக்கூட நோட்டில் அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டிருந்தார். பெயர், வயது, கிராமம், நோய் தொடங்கிய நாள், முடிவு. தாளின் ஓரமெல்லாம் குளோரின் தண்ணீர் பட்டு மை வெளுத்திருந்தது. ஒரு பக்கத்தில் ஐந்து பெயர்களுக்குப் பக்கத்தில் அம்புக்குறி போட்டு, ஓரத்தில் ஒரு மீன்பிடித் துறையின் பெயரை எழுதியிருந்தார். அந்த ஐந்து பேரும் வேறு வேறு கிராமம், ஆனால் எல்லோரும் அந்தத் துறையில் வேலை செய்தவர்கள். யார், எங்கே, எப்போது என்று பிரித்துப் பார்க்கச் சொல்லித்தர நாங்கள் பாதி நாள் எடுத்துக்கொள்வோம். அதே வாரம் ஓட்டல் அரங்கில் கற்பனையான ஒரு காலராப் பரவலைத் தாளில் கொடுத்து மற்றவர்களுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இதை எழுதும்போதே, பிறகு ஏன் கொடுக்கவில்லை என்று வாசிப்பவர்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

வருகை விதி பேட்டாவால் வந்தது. இங்கே சம்பளம் குறைவு. ஒரு வாரப் பயிலரங்கின் பேட்டா ஒரு குடும்பத்துக்குப் பெரிய தொகை, அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மலேரியாவுக்கு ஒரு நிதி, காசநோய்க்கு ஒரு நிதி, எச்.ஐ.வி.க்கு ஒரு நிதி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பயிற்சி. ஒரே ஆள் ஓட்டல் ஓட்டலாகப் போய்க்கொண்டிருப்பார். சுகாதார நிலையத்தில் அவர் ஒருவர்தான் என்றால் கதவு பூட்டியிருக்கும். காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியம் காணாமல் போகிறவர்களும் உண்டு. வராதவருக்குச் சான்றிதழ் இல்லை என்பதை நாங்கள் கறாராக வைத்துக்கொண்டது அதனால்தான். அதே அணியில் இன்னொருவரும் இரண்டாவது பயிலரங்கில் பாதியில் கிளம்பி, வேறொரு திட்டத்தின் பயிற்சிக்குப் போய்விட்டார். அவருக்கும் சான்றிதழ் கிடையாது. "உங்களுக்கு விலக்கு கொடுத்தால் அவருக்கு என்ன சொல்வது?" என்று இவரிடம் கேட்டேன். "அவருக்கு இரண்டு இடத்திலும் பேட்டா கிடைத்தது. எனக்கு எந்த இடத்திலும் கிடைக்கவில்லை" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் இரண்டாவது காரணம் இருக்கிறது. அதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். அவருடைய பட்டியலில் வீட்டிலேயே இறந்தவர்கள் இல்லை. கூடாரத்துக்கு வந்தவர்கள் மட்டும் இருந்தார்கள். ரெஜிஸ்டரில் உள்ள எண்ணும் மேலே அனுப்பிய படிவத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போகிறதா, ஊருக்குள் நடந்த இறப்புகள் எங்கே விடுபடுகின்றன என்று தேடும் தரவுத் தணிக்கையை அந்த இரண்டாவது பயிலரங்கில்தான் கற்றுக்கொடுக்கிறோம். அவர் அதைச் செய்யவே இல்லை. படகிலோ வண்டியிலோ வந்து சேர முடியாமல் போனவர்களை எண்ணாவிட்டால், அடுத்த கூடாரத்தை எங்கே போடுவது என்று மாவட்டத்துக்குத் தெரியாது. அது காகிதக் குறை இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது. அதைச் செய்யத் தெரியும் என்று நான் கையெழுத்துப் போட முடியாது.

ஆனால் அந்த வாரம் ராத்திரி பகலாகக் கூடாரத்தில் நின்ற ஒருவரால் ஊர் ஊராகப் போய் இறப்பை விசாரித்திருக்க முடியுமா என்று கேட்டால், முடிந்திருக்காது. மற்றவர்கள் தணிக்கையை முடித்தது அவர்கள் மாவட்டம் அமைதியாக இருந்ததால். இப்படி யோசிக்கத் தொடங்கினால் நான் நம்புகிற காரணமும் ஆட்டம் காண்கிறது.

நிதி தருபவர்களுக்கு நாங்கள் அனுப்பும் அறிக்கையில் 'பயிற்சி பெற்றோர் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் உண்டு. 2 லட்சம் பேருக்கு ஒரு களப் பயிற்சி பெற்ற நோய்ப்பரவியலாளர் என்பது உலக அளவில் சொல்லப்படும் இலக்கு. மலாவியின் மக்கள்தொகை சுமார் 2 கோடி என்றால் 100 பேர் வேண்டும். அந்தக் கட்டத்தில் ஏறுவது சான்றிதழ்தான். நோட்டில் அம்புக்குறி போட்டவர் அதில் வரமாட்டார். பாதியில் கிளம்பிய அந்த இன்னொருவர் அடுத்த அணியில் வந்து முடித்து, கணக்கில் ஏறிவிட்டார். இவரையும் அடுத்த அணிக்கு அனுப்பச் சொல்லி மாவட்டத்துக்கு எழுதினேன். அவர்கள் வேறொருவரை அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஆளுக்கு வாய்ப்பு கொடுத்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார்கள். நியாயம்தானே!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாங்கள் சான்றிதழ் கொடுத்தவர்களில் திறமையான சிலர் தலைநகர் லிலோங்வேயில் தொண்டு நிறுவன வேலைக்குப் போய்விட்டார்கள். சம்பளம் பல மடங்கு. இவர் அதே மாவட்டத்தில் அதே வேலையில் இருக்கிறார். அவருடைய வார அறிக்கை நேரத்துக்கு வருகிறது என்று கேள்விப்படுகிறேன். சான்றிதழ் இல்லாததால்தான் அங்கேயே இருக்கிறாரோ என்று நினைத்தால், மாவட்டத்துக்கு நல்லது என்று ஒரு மனம் சொல்கிறது. ஒரு மனிதனின் வளர்ச்சியைத் தடுத்து மாவட்டத்துக்கு நல்லது செய்வது பயிற்சியின் வேலையா என்று அடுத்த நொடியே இன்னொரு மனம் கேட்கிறது.

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது ஆப்பிரிக்காவில் பல திட்டங்கள் பாதியில் நின்றன. எங்களிடமும் ஓட்டல் வாடகைக்கான பணம் சுருங்கிவிட்டது. அடுத்த பயிற்சிக்கான வரைவில் அதைச் சாக்காக வைத்தே ஒன்று கேட்டிருக்கிறேன். ஒரு மாவட்டத்தில் நோய் பரவினால் அந்த அலுவலரை வரவழைக்காமல் பயிற்சியாளரே அங்கே போய், கூடாரத்திலேயே உட்கார்ந்து தணிக்கையைச் சொல்லிக்கொடுத்து, அதைப் பயிலரங்காகக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். "வண்டிக்கு டீசல் எந்தச் செலவுத் தலைப்பில்?" என்று கேட்டிருக்கிறார்கள். ஓட்டல் சாப்பாட்டுக்குத் தலைப்பு இருக்கிறது, டீசலுக்கு இல்லை. புதுத் தலைப்பு சேர்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். வருகை விதியைத் தளர்த்தச் சொல்லி மட்டும் எழுதவில்லை.