பச்சை பரப்பிய வீடு

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தன் பிறந்த வீட்டுக்கு எழுந்தருளும்போது நடைபெறும் பச்சை பரப்பும் வைபவத்தை ஒருமுறையாவது சேவித்துவிட வேண்டும் என்று எங்கள் அம்மா பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 91 வயது வரை வாழ்ந்தும் அவர்களுக்கு அது வாய்க்கவில்லை. ஆடிப்பூரத் தேருக்கு இரண்டு முறை போய் வந்தவர்களை, மார்கழி மட்டும் ஊரைவிட்டு நகர விடவில்லை.

1949இல் மணமாகித் தாமிரபரணிக் கரையிலுள்ள எங்கள் சிற்றூருக்கு வந்த நாள் முதல், ஊர்ப் பெருமாள் கோயிலுக்கு விடியற்காலையில் மாலை கட்டிக் கொடுப்பது அம்மாவின் கைங்கரியமாக இருந்தது. பூக்கட்டுவதற்கென்று ஓர் ஆளை அமர்த்தும் அளவுக்கு அந்தக் கோயிலுக்கு வருமானம் கிடையாது. மற்ற மாதங்களில் ஓரிரு நாள் அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாம். திருப்பாவை ஒலிக்கும் முப்பது நாளும் தம் கையால்தான் கட்ட வேண்டும் என்பது அவர்கள் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட நியமம். "மார்கழியில பெருமாளை வெறுங்கழுத்தோட நிக்க வெச்சுட்டு நான் எங்க போறது?" என்று கேட்டு எங்கள் வாயை அடைத்துவிடுவார்கள்.

2023 ஐப்பசியில் அம்மா பரமபதித்தார்கள். ஆண்டுத் திதி முடிந்த பிறகு, 2024 மார்கழியில், அவர்கள் சார்பில் நாங்களாவது சென்று சேவித்து வருவோம் என்று அண்ணனும் நானும் முடிவு செய்தோம். நான் சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் சென்று, பொழுது புலரும் முன் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினேன். அம்மாவுடன் கடைசி வரை ஊரிலேயே இருந்த அண்ணன், பேருந்தில் முன்னதாகவே வந்து நடைமேடையில் காத்திருந்தார். அவர் மடியில் ஈரத்துணி சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. அம்மா கொல்லையில் வளர்த்த துளசியை முதல் நாள் பகலிலேயே பறித்து, நனைத்த வாழைநாருடன் கொண்டு வந்திருந்தார்.

நடைமேடை பெஞ்சிலேயே அமர்ந்து நான் கட்டத் தொடங்கினேன். நான்கைந்து துளசிக் கொழுந்துகளை ஒரு பக்கமும் அதே அளவை எதிர்ப்பக்கமுமாக நாரின் மேல் வைத்து, ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் முறுக்கிய கண்ணியை அதன்மேல் மாட்டி இறுக்க வேண்டும். கொஞ்சம் அதிகமாக இழுத்தால் காம்பு நசுங்கும். தளர விட்டால் தூக்கும்போது கொழுந்து உதிரும். அந்தப் பக்குவம் அம்மாவின் விரல்களுக்குத் தெரிந்திருந்தது. பார்வை மங்கிய பிறகும், காம்பைத் தடவிப் பார்த்தே துளசி எது, மரிக்கொழுந்து எது என்று பிரித்துக் கட்டினார்கள். கட்டும்போது பூவை முகர்வதற்கு எங்கள் வீட்டில் அனுமதி கிடையாது. சிறுமியாக இருந்தபோது ஒருநாள் சம்பங்கியை மூக்கருகே கொண்டுபோன என் கையைத் தட்டிவிட்டு, "சூடிக் கொடுக்கிற உரிமை அவள் ஒருத்திக்குத்தான் உண்டு" என்று சொன்னார்கள். ஆண்டாள் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது அப்படித்தான்.

அன்று நான் கட்டிய மாலை இரண்டு முழம்கூட வரவில்லை; கண்ணிகளும் ஒரே சீராக அமையவில்லை. அண்ணன் அதை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டார். பதினொரு நிலை ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தோம். அந்தக் கோபுரம் நிற்பது வடபத்ரசாயி கோயிலில். பாசுரம் பெற்ற பழைய பெருமாள் அங்கே ஆலிலைப் பள்ளியானாகச் சயனித்திருக்கிறார். ஆண்டாள் கோயில் அருகிலேயே தனியாக இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் உள்ள நந்தவனத்தில்தான், துளசிச் செடியின் அடியில் பெரியாழ்வார் அந்தக் குழந்தையைக் கண்டெடுத்தார். ஆழ்வார்களில் இருவர் அவதரித்த தலம் என்ற பெருமை இவ்வூருக்கு உண்டு. அம்மாவுக்கோ இது, தினமும் மாலை கட்டிய ஒரு தகப்பனும் மகளும் வாழ்ந்த ஊர். அவர்கள் வணங்கியது அந்த உறவில்தான் வேரூன்றியிருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆண்டாள் சன்னிதியில் அவளை மணந்த பெருமாளான ரங்கமன்னாரும் ஆண்டாளும் கருடாழ்வாரும் ஒரே கருவறையில் சேவை சாதிக்கிறார்கள். வேறு தலங்களில் பெருமாளுக்கு எதிரே கைகூப்பி நிற்கும் கருடன், இங்கே மாப்பிள்ளையை விரைந்து சுமந்து வந்ததற்காக அருகிலேயே இடம் பெற்றவர். ஆண்டாளின் இடக்கையில் கிளி இருந்தது. மாதுளம்பூவில் மூக்கும், மரவள்ளி இலையில் உடலும், நந்தியாவட்டை இலையிலும் பனையோலையிலும் சிறகுமாக நாள்தோறும் புதிதாகச் செய்யப்படும் அந்தக் கிளியை அம்மா ஒருமுறை ஆடிப்பூரத்தில் பார்த்துவிட்டு வந்து, கொல்லை இலைகளைக் கொண்டே அதுபோல ஒன்று செய்ய ஒரு வாரம் முயன்றார்கள். கடைசியில் கைகூடிய கிளியை எங்கள் ஊர்த் தாயாரின் தோளில் வைத்து அழகு பார்த்த காட்சி இன்றும் என் கண்ணில் நிற்கிறது. எதைக் கண்டாலும் தம் கையால் செய்து பார்த்துப் பெருமாளுக்குக் கொடுத்தால்தான் அவர்களுக்கு மனம் ஆறும்.

அர்ச்சகர் எங்கள் மாலையை வாங்கித் திருவடியில் சேர்த்தார். "யார் கட்டியது?" என்று கேட்டார். "அம்மா கட்டுவார்கள்" என்று அண்ணன் சொல்லிவிட்டார். நான் திருத்தவில்லை. ஆண்டாள் களைந்த மாலையிலிருந்து ஒரு துண்டு பிரசாதமாகக் கிடைத்தது. சித்திரையில் வைகையில் இறங்கும் அழகருக்கும், புரட்டாசி பிரம்மோற்சவத்தில் கருட சேவை காணும் திருப்பதி மலையப்ப சுவாமிக்கும் இவள் சூடிக் களைந்த மாலைதான் போகிறது. அந்த மாலையின் ஒரு சாண் எங்கள் கையில் இருந்தது.

கண்ணாடிக் கிணற்றடியில் சற்று நேரம் நின்றோம். மாலையைச் சூடிக்கொண்டு ஆண்டாள் தன் அழகைப் பார்த்த கிணறு என்று இதைச் சொல்கிறார்கள். அம்மா தமக்கென்று பூ வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றதை நான் பார்த்ததில்லை. கோயிலிலிருந்து திரும்பி வரும் பூவை மட்டும் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொண்டையில் செருகிக்கொள்வார்கள்.

பச்சை பரப்புதல், வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய பத்து நாள் உற்சவமான பகல்பத்தின் தொடக்க நாளில் நடப்பது. ஆண்டாளும் ரங்கமன்னாரும் பெரியாழ்வார் வம்சத்தாரான வேதபிரான் பட்டர் திருமாளிகைக்கு எழுந்தருள்கிறார்கள். மணமாகிப் போன மகள் மாப்பிள்ளையுடன் பிறந்த வீட்டுக்கு வருகிறாள். வீட்டார் வாசலிலேயே காய்கறிகளையும் பழங்களையும் கரும்பையும் பரப்பி வைத்து வரவேற்கிறார்கள். திரட்டுப்பாலும் மணிப்பருப்பும் அமுது செய்விக்கிறார்கள். யசோதையின் நிலையில் நின்று கண்ணனைத் தாலாட்டிய பெரியாழ்வார், ஒரே மகளைத் திருமகள்போல் வளர்த்தும் செங்கண்மால் கொண்டுபோய்விட்டானே என்று ஒரு தாயின் குரலில் ஏங்கியும் பாடியிருக்கிறார். அந்தப் பாசுரத்தை அம்மா தம் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அதற்கடுத்த பக்கங்களில் இருப்பவை, பேரக்குழந்தை ஒவ்வொன்றுக்கும் அவர்களே கட்டிய தாலாட்டுகள்.

கூட்டத்தின் நெருக்கத்தில் ஒரு தூணை ஒட்டி நின்று பார்த்தேன். நடுவில் பருத்த பூசணிகள், அவற்றைச் சுற்றிக் கத்தரியும் வாழைக்காயும், ஓரமெல்லாம் அவரையும் கீரையும் என்று தரை முழுவதும் பச்சை விரிந்து கிடந்தது. அந்த அடுக்கை நான் முன்பே எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று விளங்கவில்லை. பல்லக்கு வந்தது, வாத்தியம் ஓங்கியது, எல்லோரும் கை கூப்பினோம்.

ஆண்டாள் புறப்பட்டுப் போன பிறகு அண்ணன் மெதுவாகச் சொன்னார். "நீ ஊருக்கு வர்றப்பல்லாம் அம்மா ரேழியில இதைத்தானேம்மா பரப்பி வெப்பா. முதல் நாளே அவரையைப் பறிக்க விட மாட்டா. விடியத்தான் பறிக்கணும், வாடிடும்பா. பூசணி நடுவுல இருக்கணும். எல்லாம் அடுக்கினதுக்கு அப்புறம்தான் காபியே குடிப்பா."

சமையலுக்காக எடுத்து வைத்த காய்கள் என்றுதான் நாற்பது ஆண்டுகளாக நினைத்திருந்தேன். நான் கடைசியாகப் போனபோது அம்மாவுக்கு 90 வயது. கொல்லைக்குப் போக முடியாத நிலையில், அண்ணனைச் சந்தைக்கு அனுப்பிக் காய் வாங்கி வரச் சொல்லி, நாற்காலியில் அமர்ந்தபடியே கைத்தடியால் சுட்டிக் காட்டி ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைக்கச் செய்திருக்கிறார்கள். அன்று ரயில் தாமதமாகி வந்த நான், மாத்திரைக்கு நேரமாகிவிட்டதே என்ற பதற்றத்தில் அந்தப் பூசணியைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "பார்த்து வாம்மா, கீரையை மிதிச்சுடப் போற" என்று மட்டும் சொன்னார்கள்.