குட்டி ஈனும் மாதங்கள்: லெக்சிங்டன் நாட்குறிப்பு

ஜனவரி 13, 2024, சனி

காலை எட்டு மணியிலிருந்து மதியம் வரை, குதிரைப் பண்ணைத் தொழிலாளர்களுக்குக் கொடுக்க அரிசி, பீன்ஸ், சோள மாவு மூட்டைகளைப் பிரித்துப் பைகளில் போட்டோம். கிடங்குக்குள்ளேயே விரல் மரத்துப்போகிற குளிர்.

கென்டக்கிக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. லெக்சிங்டனைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் குதிரைப் பண்ணைதான். கறுப்புச் சாயம் அடித்த மரவேலி, பாரிஸ் பைக் சாலையோரம் சாந்து இல்லாமல் அடுக்கிய பழைய கல்வேலி, உள்ளே மேயும் குதிரைகள். இத்தனை நாளும் காரில் போகும்போது பார்த்ததோடு சரி. அந்த வேலிக்குள்ளே யார் சாணி அள்ளுகிறார்கள், அவர்களுடைய பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. போன இலையுதிர் காலத்தில் எங்கள் கிளினிக்குக்கு ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தவர், தன்னைப் பண்ணைத் தொழிலாளர்களுக்கான சாப்ளின், அதாவது வேலையிடத்துக்கே வரும் ஆன்மிகப் பணியாளர், என்று சொன்னார். ராணுவத்தில், ஆஸ்பத்திரியில், சிறையில் சாப்ளின் உண்டு, தெரியும். பண்ணைக்குமா என்று கேட்டேன். "ஒரு சனிக்கிழமை வந்து பாருங்கள்" என்றார். அப்படித்தான் வந்தேன்.

அமெரிக்காவின் ரேஸ் மைதானங்களில் இந்த வேலை 1970களிலேயே தொடங்கிவிட்டது. அங்கே லாயக்காரர்கள், சவாரிக்காரர்கள் எல்லோரும் ஒரே வளாகத்தில் இருப்பார்கள், நடுவில் ஒரு சிற்றாலயம் வைத்தால் போதும். பண்ணையில் அப்படி இல்லை, ஆளுக்கொரு மூலை. இந்த வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இரண்டு மைல் புல்வெளி. அதனால் இவர் வாரம் முழுக்க வண்டியிலேயே இருக்கிறார். பின் சீட்டில் பைபிளும் உண்டு, டயப்பரும் உண்டு. எனக்குத் தெரிந்து டயப்பர்தான் அதிகம்.

பிப்ரவரி 3, சனி

நேற்று ராத்திரி முதல்முறையாகப் பிரசவ லாயத்துக்குப் போனேன்.

முதலில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இங்கே தரோபிரெட் இனப் பந்தயக் குதிரைகளுக்கெல்லாம் பிறந்த நாள் ஜனவரி 1. பிப்ரவரியில் பிறந்தாலும் மே மாதம் பிறந்தாலும் அடுத்த ஜனவரி 1 வந்தால் ஒரு வயது. அதனால் சீக்கிரம் பிறந்த குட்டிக்கு மவுசு அதிகம். சினைக்காலம் ஏறக்குறைய 11 மாதம் என்பதால் பிப்ரவரி நடுவில் இனச்சேர்க்கையைத் தொடங்கிவிடுகிறார்கள். செயற்கைக் கருவூட்டலுக்கு அனுமதியே கிடையாது, ஒவ்வொரு பெட்டையையும் பொலிகுதிரையிடம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஆக ஜனவரி முதல் மே வரை இங்கே ஒருவருக்கும் சரியான தூக்கம் இல்லை. குதிரை பெரும்பாலும் நடுராத்திரியில்தான் ஈனும்.

மணி ஒன்று இருக்கும். இரவுக் காவலுக்கு இருந்தவர் குவாத்தமாலாக்காரர், மலைப்பக்கத்து ஊர். சாப்ளின் தமாலே கொண்டு வந்திருந்தார். சோள மட்டையில் சுற்றி அவித்தது, பார்த்தால் நம் இலைக் கொழுக்கட்டைக்குச் சொந்தம் போல இருக்கும். பிப்ரவரி 2 அன்று தமாலே சாப்பிடுவது மெக்சிகோ வழக்கமாம். காவல்காரர் ஒன்றைக் கையில் எடுத்துப் பாதி பிரித்தார், அதற்குள் மூன்றாவது கொட்டிலில் சத்தம். தமாலேயை வேலிக்கட்டை மேல் வைத்துவிட்டு ஓடினார்.

வைக்கோலில் அந்தப் பெட்டை படுத்துவிட்டது. மடிக்காம்பு நுனியில் மெழுகுபோல் திரண்டிருந்ததைச் சாயந்திரமே கவனித்துக் குறித்து வைத்திருந்தாராம். வெள்ளைச் சவ்வுக்குள் முதலில் ஒரு கால், கொஞ்சம் பின்னால் இன்னொரு கால், அப்புறம் மூக்கு. சவ்வு சிவப்பாக வந்தால் ஆபத்து, நஞ்சுக்கொடி முன்னாடியே பிரிந்துவிட்டது என்று அர்த்தம், அந்த நிமிஷமே கிழித்துக் குட்டியை இழுக்க வேண்டும். வெள்ளை என்றதும் அவருக்கு மூச்சு வந்தது. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. தொப்புளில் மருந்து நனைத்தார். அதன்பின் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்: ஒரு மணி நேரத்துக்குள் குட்டி எழுந்து நிற்க வேண்டும், இரண்டுக்குள் பால் குடிக்க வேண்டும், மூன்றுக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும். நாற்பது நிமிஷத்தில் குட்டி நான்கு காலையும் நான்கு திசையில் பரப்பிக்கொண்டு நின்றது. சீம்பால் குடிக்கத் தொடங்கிய பிறகுதான் அவர் வந்து ஆறிப்போன தமாலேயைச் சாப்பிட்டார்.

தென்காசிப் பக்கத்தில் எங்கள் வீட்டுத் தொழுவம் நினைவுக்கு வந்தது. மாடு கன்று போடும் ராத்திரியில் அம்மாச்சி அரிக்கேன் விளக்கோடு இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள், எங்களைப் பேசக்கூட விடமாட்டாள்.

சாப்ளின் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. மனைவிக்கு உடம்பு எப்படி என்று கேட்டார், அப்பாவுக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டார், அவ்வளவுதான். மற்றபடி விளக்குமாறை எடுத்து நடையைப் பெருக்கினார்.

பிப்ரவரி 14, புதன்

கிறிஸ்தவர்களுக்கு இன்று தவக்காலம் தொடங்குகிறது. பாளையங்கோட்டைக் கான்வென்ட்டில் என்னோடு படித்தவர்கள் இதைத் திருநீற்றுப் புதன் என்பார்கள், அந்தப் பெயர் அப்போதே எனக்குப் பிடிக்கும். இங்கே பண்ணையில் இனச்சேர்க்கைப் பருவமும் சரியாக இந்த வாரம்தான் தொடங்குகிறது, ஒருவராலும் கோவிலுக்குப் போக முடியாது. ஸ்பானிஷ் பூசை வைக்கும் பாதிரியாரை சாப்ளினே வண்டியில் ஏற்றிக்கொண்டு லாயம் லாயமாகப் போனார். கையில் வைக்கோல் அள்ளும் கவையோடு நின்றபடியே நெற்றியைக் காட்டினார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றி முழங்கையால் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டுக் குனிந்தார். சாம்பல் வைத்து முடித்ததும் திரும்பி அடுத்த கொட்டிலுக்குள் போய்விட்டார். நான் சைவக் குடும்பம். நெற்றியில் நீறோடு அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மார்ச் 8, வெள்ளி

இரவுக் காவல்காரருக்கு உதை விழுந்துவிட்டது.

குட்டியைப் பிடித்தால் தாய் சும்மா இருக்காது, அது அவர் குற்றமும் இல்லை, குதிரையின் குற்றமும் இல்லை. இடது விலாவில் உதை. காலை ஆறு மணிக்கு நடந்தது, பத்து மணி வரை வேலை செய்திருக்கிறார். அவருடைய மனைவி சாப்ளினைக் கூப்பிட, சாப்ளின் என்னைக் கூப்பிட்டார். ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போனோம். போனில் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர். எங்கே வலிக்கிறது? விலா. வேறு ஏதாவது? இல்லை. மூச்சு? பரவாயில்லை. எல்லாவற்றுக்கும் பரவாயில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இடையில் ஏதோ முணுமுணுத்தார். அது ஸ்பானிஷ் இல்லையே என்று போனில் இருந்தவர் சொன்னார்.

அது மாம். குவாத்தமாலா அங்கீகரித்திருக்கும் 22 மாயா மொழிகளில் ஒன்று. ஸ்பானிஷ் அவர் பள்ளிக்கூடத்திலும் வேலையிடத்திலும் கற்றுக்கொண்ட மொழி. ஒரு மாதமாக அவரைத் தெரியும், நான் ஒரு நர்ஸ், உங்கள் வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. மாம் தெரிந்தவர் வேண்டும் என்று சாப்ளின் அடம்பிடித்தார். ஐம்பது நிமிஷம் ஆகும் என்றார்கள், ஐம்பது நிமிஷமும் அந்த மேசை முன்னால் நின்றார். கடைசியில் போனில் ஒரு பெண் குரல் வந்தது. இவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். மடமடவென்று பேசினார். காலையிலிருந்து சிறுநீர் சிவப்பாகப் போகிறதாம்.

ஸ்கேனில் மூன்று விலா எலும்பு முறிவு, இடது சிறுநீரகத்தில் காயம். அறுவை வேண்டாம், ஆனால் படுக்கை. இந்த ஒரு வார்த்தை வராமல் போயிருந்தால் விலாவுக்கு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

மார்ச் 12, செவ்வாய்

மூன்று ராத்திரி வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். இப்போது பில்.

கென்டக்கியில் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு பெரும்பாலான முதலாளிகளுக்குக் கட்டாயம். விவசாயத்துக்கு விலக்கு உண்டு, குதிரை வளர்ப்பும் விவசாயக் கணக்கில்தான் வருகிறது. சில பண்ணைகள் தாமாகவே எடுத்திருக்கின்றன, இந்தப் பண்ணை எடுக்கவில்லை. எனக்கு இதில் இரண்டு அபிப்பிராயம் கிடையாது: இந்த விலக்கு தப்பு. மனிதன் பக்கத்தில் நின்று வேலை செய்வது ஐந்நூறு கிலோ மிருகத்தோடு.

லாப நோக்கமில்லாத ஆஸ்பத்திரி என்றால், வசதியில்லாத நோயாளிகளுக்கு உதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய சட்டமே இருக்கிறது. ஆனால் நாம் கேட்க வேண்டும், சம்பளச் சீட்டு இணைக்க வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும். நானும் அவருடைய மனைவியும் சமையலறை மேசையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து நிரப்பினோம். அந்த வீடும் பண்ணையுடையது. வேலை போனால் வீடும் போகும். அந்தப் பெண்ணுக்கு பில்லைவிட அதுதான் பயம், மூன்று முறை கேட்டாள். சாப்ளின் மேலாளரிடம் போய்ப் பேசினார். மேலாளர் கெட்ட மனுஷர் இல்லை, குணமாகும் வரை வீட்டில் இருக்கட்டும் என்றார். அதை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார் சாப்ளின். எழுதித் தந்தார். அந்தத் தாள் இப்போது குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறது.

மார்ச் 23, சனி

டயப்பர், பால்மாவு, குழந்தைச் சப்பாத்து. உதவித்திட்டக் கடிதம் இன்னும் வரவில்லை.

ஏப்ரல் 6, சனி

வரி நாள் நெருங்குகிறது, 15 கடைசி. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவர்களுக்கு வரித்துறை தரும் ஐடின் எண்ணுக்கு விண்ணப்பம் போட இன்று ஒரு வரிசை, ஆங்கில வகுப்புக்கு இன்னொரு வரிசை. வகுப்புக்கு வருபவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். அவர்களுக்கு வேண்டியது இலக்கணம் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், இன்று வரமாட்டான் என்று பள்ளிக்குப் போன் பண்ணத் தெரிய வேண்டும், அதைத்தான் திரும்பத் திரும்பப் பழகினோம்.

ஒரு பெண் பதினொரு வயது மகளோடு வந்தாள். போன வாரம் ஒரு மருத்துவமனையில் அம்மாவின் கருப்பைக் கட்டியைப் பற்றி அந்தச் சிறுமியைவிட்டே மொழிபெயர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அவசரம் இல்லாத நேரத்தில் சின்னப் பிள்ளைகளை அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று விதி இருக்கிறது, இலவசமாக மொழிபெயர்ப்பாளர் கொடுப்பது அவர்கள் கடமை. "எங்கள் மொழியில் பேசுபவர் வேண்டும்" என்கிற ஒரே வரியை ஆங்கிலத்தில் எழுதி, வந்தவர்களுக்கெல்லாம் அட்டையாகக் கொடுத்தேன். அந்தச் சிறுமி அதை வாசித்துப் பார்த்துவிட்டு இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வெளியே காட்டுச் செர்ரி மரங்களில் கம்பளிப்பூச்சிக் கூடாரங்கள் வரத் தொடங்கிவிட்டன. 2001 வசந்தத்தில் இந்தப் பூச்சிகளைப் புல்லோடு சேர்த்துத் தின்ற சினைக் குதிரைகளுக்குக் கூட்டம் கூட்டமாகக் கரு கலைந்தது. அந்த வருஷம் செத்த குட்டிகளைத் தன் கையால் வண்டியில் ஏற்றிய கிழவர் ஒருவர் கிடங்குக்கு வருவார். இப்போதும் கூடாரத்தைப் பார்த்தால் நின்று குச்சியால் பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் நகர்வார்.

மே 4, சனி

150ஆவது கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயம். பண்ணையில் விடுமுறை ஒன்றும் இல்லை. சாயந்திரம் கிடங்குக் கொட்டகையில் டிவி வைத்தோம், அறுபது பேராவது வந்திருப்பார்கள். மிஸ்டிக் டான் மூக்கு நுனி வித்தியாசத்தில் ஜெயித்தது. புகைப்படத்தைப் பார்த்து முடிவு சொல்லும் வரை கொட்டகையில் ஒருவரும் உட்காரவில்லை.

அந்தக் கிழவர் கறுப்பினத்தவர், மூன்று தலைமுறையாக லாயத்தில் வேலை. 1875இல் நடந்த முதல் டெர்பியில் ஓட்டிய 15 பேரில் 13 பேர் கறுப்பர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். இந்த ஊர்க்காரர் ஐசக் மர்ஃபி 1884, 1890, 1891 என்று மூன்று முறை ஜெயித்தவர். அப்புறம் அவர்களை ஒவ்வொருவராக ஓரங்கட்டிவிட்டார்கள் என்றார். ஆங்கிலம் புரியாத பிள்ளைகளுக்கு, அட்டை வாங்கிப்போன அந்தப் பதினொரு வயதுக்காரி ஸ்பானிஷில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காவல்காரரும் குடும்பத்தோடு வந்திருந்தார். ஆஸ்பத்திரிக் கடிதம் வந்துவிட்டது, பில்லில் பெரும்பகுதியைத் தள்ளிவிட்டார்கள், மீதியை மாதாமாதம் கட்டலாம். பளு தூக்காத வேலை, ராத்திரிக் காவல் மட்டும், போன வாரம் திரும்பிவிட்டார். பிப்ரவரியில் பிறந்த குட்டியின் படத்தைப் போனில் காட்டினார். திங்கட்கிழமை காலை 7:40க்குச் சிறுநீரக ஸ்கேன். மாம் பேசுபவர் வேண்டும் என்று முன்பே பதிவு செய்தாயிற்று, நேற்று மறுபடி கூப்பிட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். ஆறரைக்கு அவர்கள் வீட்டு வாசலில் இருக்க வேண்டும்.